தோட்டப்புறத்திலிருந்து உயர்பதவி ஆட்சேர்ப்புக்கு: ஏஜென்சியில் தொடங்கி கம்பெனிக்குள் போவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், பகாவ் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் டிகிரியோ டிப்ளோமாவோ முடித்துவிட்டு "அடுத்து என்ன?" என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நானும் சுங்கை சிப்புட்தான். பெரிய நிறுவனங்களுக்குப் பொது மேலாளர், நிதித் தலைவர், ஆலை மேலாளர் என்று மேல்மட்ட ஆட்களைத் தேடிக் கொடுப்பதே ஒரு முழுநேரத் தொழில். அதில் நல்ல வருமானம் உண்டு, இன்ன டிகிரிதான் வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. வக்கீல், வாத்தியார், பேங்க் வேலை என்றால் வீட்டில் உடனே புரியும், ரெக்ரூட்டர் என்றால் "ஃபேக்டரிக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டா?" என்று அம்மா கேட்பார். அந்தத் தொழில் வேறு, இது வேறு என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் நிலைத்து நிற்பவர்கள் பேச்சுத் திறமையால் நிற்பதில்லை, ஏதாவது ஒரு துறையை அடிமுதல் நுனிவரை தெரிந்து வைத்திருப்பதால் நிற்கிறார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அப்படி ஒரு துறை ஏற்கெனவே கையில் இருக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதை வைத்துத்தான்.

படி 1: பணம் எப்படி வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஏஜென்சிகளில் இரண்டு வகை. ஒன்று, ஆள் வேலையில் சேர்ந்தால் மட்டும் நிறுவனத்திடம் கட்டணம் வாங்குவது; இதைக் கன்டின்ஜென்சி என்பார்கள். கட்டணம் பெரும்பாலும் அந்த ஆளின் முதல் ஆண்டுச் சம்பளத்தில் 20 முதல் 25 விழுக்காடு. மாதம் 20,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்தில் ஒரு பொது மேலாளரைச் சேர்த்தால், ஆண்டுக்கு 240,000 வெள்ளி, அதில் 25 விழுக்காடு என்றால் 60,000 வெள்ளி. ஆள் சேரவில்லை என்றால் பூஜ்யம், எத்தனை வாரம் உழைத்திருந்தாலும் சரி.

இன்னொன்று ரிடெய்ன்டு. தேடலைத் தொடங்கும்போதே நிறுவனம் ஒரு பகுதியைக் கட்டிவிடும். வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு ஆரம்பத்தில், ஒரு பங்கு ஆட்களின் பட்டியலைக் கொடுக்கும்போது, ஒரு பங்கு ஆள் முடிவானதும். மொத்தம் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போகும். கார்ன் ஃபெரி, எகான் ஸெண்டர், ஸ்பென்சர் ஸ்டூவர்ட், ஹைட்ரிக் அண்ட் ஸ்ட்ரகிள்ஸ், ரசல் ரெனால்ட்ஸ் ஆகிய ஐந்தும் உலக அளவில் இந்த வேலைக்குப் பெயர் போனவை. புதிதாகப் படித்து முடித்தவரை அங்கே ஆராய்ச்சிப் பணிக்கு எடுப்பதுண்டு, ஆனால் வாசல் ரொம்பக் குறுகல். அதனால் பெரும்பாலோர் கன்டின்ஜென்சியில்தான் தொடங்குகிறோம்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, நம் குடும்பங்களுக்கு அது புதிதல்ல. 1938 வரை தமிழ்நாட்டிலிருந்து ஆள் கூட்டிவந்த கங்காணிக்கும் தலைக்கு இவ்வளவு என்றுதான் காசு. தலைக்குக் காசு என்று வந்துவிட்டால் ஆளைவிடத் தலை எண்ணிக்கை பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கும். மாதக் கடைசியில் டார்கெட் நெருக்கும்போது, பொருந்தாத ஆளைப் பொருந்துகிறார் என்று தள்ளிவிடச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வரும். அங்கே என்ன செய்வீர்கள் என்பதை வேலையில் சேரும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 2: முதல் ஏஜென்சியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

மலேசியாவில் ஆட்சேர்ப்பு ஏஜென்சி நடத்த 1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். உள்நாட்டில் ஆள் சேர்க்க ஏ, வெளிநாட்டுக்கும் அனுப்ப பி, வெளிநாட்டவரையும் சேர்க்க சி. உரிமம் இருக்கிறதா என்று நேர்முகத் தேர்விலேயே கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அப்புறம் கேட்க வேண்டியவை: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கமிஷன் எந்தத் தொகையைத் தாண்டினால் ஆரம்பிக்கும், சேர்ந்த ஆள் உத்தரவாதக் காலத்துக்குள் விலகிப்போனால் கமிஷனைத் திரும்பப் பிடிப்பார்களா. கன்டின்ஜென்சியில் உத்தரவாதம் பெரும்பாலும் மூன்று மாதம்.

முடிந்தால் ஆட்களைத் தேடும் பக்கம் மட்டும் உள்ள வேலையில் தொடங்குங்கள். வாடிக்கையாளர் நிறுவனத்தைப் பிடிப்பதும் நீங்கள், ஆள் தேடுவதும் நீங்கள் என்றால் முதல் வருடத்தில் இரண்டுமே அரைகுறையாகப் போகும்.

படி 3: ஒரு துறையைப் பிடியுங்கள்

சேர்ந்த இடத்தில் ஐ.டி. டெஸ்க், பேங்கிங் டெஸ்க் என்று எது கொடுத்தாலும் செய்யுங்கள். ஆனால் தோட்டத் துறை, செம்பனை ஆலை, உரம், மரப்பொருள் சம்பந்தமான பதவி எப்போது வந்தாலும் "அதை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று கை தூக்குங்கள். பெரிய துரைக்கும் (மேலாளர்) சின்ன துரைக்கும் (துணை மேலாளர்) கிராணிக்கும் (எழுத்தர்) என்ன வித்தியாசம் என்று கே.எல்.-இல் வளர்ந்த சக ஊழியருக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும். செம்பனை ஆலையில் கொதிகலன் ஓடுவதால் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுத் துறையான ஜே.கே.கே.பி. வழங்கும் நீராவிப் பொறியாளர் தகுதிச் சான்றிதழ் உள்ள பொறியாளர் தேவை. முதல் நிலைச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் குறைவு, அதனால் அவர்களுக்கு எப்போதும் கிராக்கி. எம்.எஸ்.பி.ஓ. என்ற மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020இல் கட்டாயமான பிறகு அந்தத் தணிக்கையையும் நிலைத்தன்மை வேலையையும் தெரிந்தவர்களைத் தேடாத தோட்ட நிறுவனம் இல்லை.

பெயர்களை எங்கே எடுப்பது? லிங்க்ட்இன் ஒரு வழி. ஆனால் பல தோட்ட மேலாளர்கள் அதில் கணக்கு தொடங்கி அப்படியே விட்டிருப்பார்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் உயர் அதிகாரிகளின் வயது, படிப்பு, முன்பு வேலை செய்த இடம் எல்லாம் இருக்கும். பெரிய செம்பனை நிறுவனங்கள் தங்கள் ஆலைகளின் பட்டியலை இடத்தோடு வெளியிடுகின்றன. கே.எல்.கே. என்ற பெரிய தோட்ட நிறுவனத்தின் தலைமையகம் ஈப்போவில், யுனைடெட் பிளாண்டேஷன்ஸின் தலைமையகம் தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராட்டா தோட்டத்திலேயே இருக்கிறது. 1919இல் தொடங்கிய ஐ.எஸ்.பி. என்ற தோட்ட அதிகாரிகளின் சங்கம் நடத்தும் கருத்தரங்குகளில் துறை ஆட்களை நேரிலேயே பார்க்கலாம். ஒரு எக்செல் தாளில் நிறுவனம், தோட்டம், ஆலை, யார் பொறுப்பில், அவருக்கு மேலே யார், கீழே யார் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். இதற்குப் பெயர் மேப்பிங். எந்த மென்பொருளையும்விட இந்தத் தாள்தான் உங்கள் சொத்து.

படி 4: முதல் போன்

பலருக்குக் கை நடுங்குவது இங்கேதான். தோட்ட மேலாளரை விடிகாலையில் கூப்பிடாதீர்கள், அவர் பெரட்டுக்கு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) போயிருப்பார், அப்புறம் வயலைச் சுற்றுவார். மாலை ஐந்தரைக்கு மேல் நல்ல நேரம். ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டு கிராணியிடம் விவரம் சொல்லிவிடவும் கூடாது. அன்று சாயங்காலமே தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

நான் பேசும் விதம் இப்படி:

"வணக்கம் சார், கே.எல்.-இல் இருந்து கூப்பிடுகிறேன், தோட்டத் துறைக்கு ஆட்சேர்ப்பு செய்கிறேன். இப்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் பேச முடியுமா, இல்லை ராத்திரி கூப்பிடவா?"

"ம்... பேசுங்க. என்ன விஷயம்?"

"பஹாங்கில் நான்கு தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒன்று இருக்கிறது சார். உடனே மாறச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த வேலையைச் செய்யக்கூடியவர் எப்படி இருக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்டால் சரியாகச் சொல்வீர்கள் என்றார்கள்."

கடைசி வரி உண்மையாக இருக்க வேண்டும், யாரும் சொல்லாமல் சொன்னதாகச் சொல்லாதீர்கள். இப்படிக் கேட்டால் பாதிப் பேர் நல்ல பெயர்கள் இரண்டைச் சொல்வார்கள், சிலர் கொஞ்சம் தயங்கிவிட்டு "சம்பளம் எவ்வளவு?" என்பார்கள். மலாய்க்காரராக இருந்தால் என்சிக் போட்டு மலாயில் தொடங்குங்கள். மூன்று மொழியில் சரளமாகப் பேசுவது நமக்குச் சாதாரணம், இந்தத் தொழிலில் அது பெரிய பலம்.

படி 5: சம்பளத்தையும் குடும்பத்தையும் சேர்த்துக் கேளுங்கள்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள், ஏனென்றால் பெரும்பாலான உயர்பதவிச் சேர்க்கைகள் இங்கேதான் உடைகின்றன.

ஒரு தோட்ட மேலாளர் "பதினாலாயிரம் வாங்குகிறேன்" என்றால் அது கதையில் பாதிகூட இல்லை. பங்களா இலவசமா? தண்ணீர், மின்சாரம் யார் கட்டுகிறார்கள்? வீட்டு வேலைக்கும் பங்களாத் தோட்டத்தைப் பார்க்கவும் ஆள் உண்டா? கம்பெனி வண்டியா, வண்டி அலாவன்ஸா? போனஸ் எத்தனை மாதம், எந்த மாதம் கையில் வரும்? 5,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் என்றால் சட்டப்படி முதலாளி இ.பி.எஃப். சேமநிதிக்குக் கட்ட வேண்டியது 12 விழுக்காடு, சில நிறுவனங்கள் அதற்கு மேலும் கட்டுகின்றன, இவருக்கு எவ்வளவு? எல்லாவற்றையும் வெள்ளிக் கணக்கில் எழுதிக் கூட்டுங்கள். பங்களாவை விட்டுவிட்டு கே.எல்.-இல் வீடு எடுக்க வேண்டிய பதவி என்றால் 18,000 வெள்ளி சம்பளமும் அவருக்கு இறக்கமாகத் தெரியலாம், அவர் சொல்வதில் நியாயம் இருக்கும்.

அப்புறம் வீடு. மனைவி ஆசிரியையாக இருந்தால் பணிமாற்றம் கிடைக்குமா? பிள்ளைகள் எந்த வகுப்பு, இந்த வருடம் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதும் பிள்ளை உண்டா? வயதான அப்பா அம்மா யாருடன் இருக்கிறார்கள், டயாலிசிஸ் மாதிரி தொடர் சிகிச்சை ஏதாவது ஓடுகிறதா? இதையெல்லாம் ஆள் வடிகட்டுவதற்காகக் கேட்பது தப்பு. அவருக்கு முடிவெடுக்க உதவத்தான் கேட்கிறோம், அதனால் முதல் பேச்சில் கேட்காமல் அவர் ஆர்வம் காட்டிய பிறகு, அவரே சொல்லும் அளவுக்கு மட்டும் கேளுங்கள். நிறுவனத்துக்கு அனுப்பும் குறிப்பில் இதை எழுதாதீர்கள். மூத்த மகள் எஸ்.பி.எம். முடிக்கும்வரை குடும்பம் இங்கேயே இருக்கட்டும், அவர் மட்டும் ஜனவரியில் சேர்ந்து வாரக் கடைசியில் வந்துபோகட்டும் என்று நீங்கள் முன்கூட்டியே நிறுவனத்திடம் பேசி வாங்கினால், கடைசி நேரத்தில் "வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற போன் வராது.

நம் ஊரில் வளர்ந்தவருக்கு இந்தக் கேள்விகள் இயல்பாகவே தோன்றும். யாரைப் பார்த்தாலும் வீட்டைப் பற்றி விசாரித்துத்தானே பழகியிருக்கிறோம்.

படி 6: ஆஃபர் முதல் முதல் நாள் வரை

மேல்மட்டத்தில் நோட்டீஸ் காலம் பெரும்பாலும் மூன்று மாதம். ராஜினாமா கொடுத்ததும் பழைய நிறுவனம் சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்று கூப்பிடும், அது கிட்டத்தட்ட நிச்சயம். அந்தப் பேச்சை முன்பே நீங்களே எடுங்கள்: "கூட்டித் தந்தால் இருப்பீர்களா சார்? நீங்கள் விலக நினைத்த காரணம் அதோடு தீருமா?" இருக்கப் போகிறார் என்றால் இப்போதே தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது. மூன்று மாதமும் வாரம் ஒரு முறையாவது பேசுங்கள்.

இடையில் சட்டம் ஒன்று. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒருவரின் ரெசுமேயை அவர் சம்மதம் இல்லாமல் எந்த நிறுவனத்துக்கும் அனுப்பக் கூடாது. எந்த நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள் என்று பெயர் சொல்லி, வாட்ஸ்அப்பிலாவது "சரி" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத் துறை சின்னது. சம்மதம் கேட்காமல் அனுப்பிய ரெசுமே அவருடைய முதலாளியின் நண்பர் மேஜைக்கே போய்ச் சேரும்.

படி 7: கம்பெனிக்குள் போவது

ஏஜென்சியில் இரண்டு மூன்று வருடம் ஓடிய பிறகு, ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குள்ளேயே உயர்பதவி ஆட்சேர்ப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு முயற்சி செய்யலாம். கமிஷன் போய்விடும், நிலையான சம்பளமும் போனஸும் வரும். நல்ல வருடத்தில் ஏஜென்சியில் சம்பாதித்ததைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதைக் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

நேர்முகத் தேர்வில் எத்தனை பேரைச் சேர்த்தேன் என்ற எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். சேர்த்தவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் அங்கேயே இருக்கிறார்கள், ஒரு பதவியை நிரப்ப எத்தனை வாரம் ஆனது, கொடுத்த ஆஃபரில் எத்தனை ஏற்கப்பட்டன என்ற மூன்று கணக்கையும் ஏஜென்சியில் முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள். நிறுவனத்துக்கு வேண்டியது அதுதான்.

உங்கள் ஒப்பந்தத்தில் "விலகிய பின் ஒரு வருடம் இதே தொழிலில் வேலை செய்யக் கூடாது" என்று இருந்தால் பயந்துவிட வேண்டாம். 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 28படி, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. ஆனால் ரகசியக் காப்பு செல்லும். ஏஜென்சியின் தரவுத்தளத்தை பென்டிரைவில் எடுத்துப் போகாதீர்கள்.

உள்ளே போனதும் வேலையின் வேகம் மாறும். ஏஜென்சியில் வாடிக்கையாளர் இருபது பேர், இங்கே ஒரே நிறுவனம், அதே இயக்குநர்களை வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். பதவி காலியான பிறகு தேடுவது தாமதம் என்பது உள்ளே போனதும்தான் முழுசாகப் புரியும். அதனால் முதல் மாதத்தில் ஒரு பட்டியல் போடுங்கள்: மேல்மட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் எப்போது 60 வயதை எட்டுகிறார்கள்? 2013 ஜூலையிலிருந்து தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்பதால், அடுத்த மூன்று வருடத்தில் எந்தெந்த நாற்காலி காலியாகும் என்று ஓரளவு இப்போதே தெரியும். ஒவ்வொரு நாற்காலிக்கும் உள்ளே தயாராகிவரும் ஒருவர், வெளியே இருவர் என்று பெயர் எழுதி, வெளியே இருப்பவர்களை வருடத்துக்கு ஒரு முறையாவது ஒரு தேநீருக்குச் சந்தியுங்கள்.

இனி ஏஜென்சிகளை வைத்து வேலை வாங்குவது நீங்கள். ஒரு பதவியை ஆறு ஏஜென்சிக்குத் தூக்கிப் போடாமல் இரண்டுக்கு மட்டும் கொடுத்து, மேலாளரோடு அவர்களை அரைமணி நேரம் உட்கார வையுங்கள். பில்லை நாள் தவறாமல் கட்டுங்கள். நேர்முகத் தேர்வுக்கு வந்து தேர்வாகாதவருக்கு நீங்களே போன் செய்து காரணத்தைச் சொல்லுங்கள், அதை ஏஜென்சி தலையில் கட்டாதீர்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொரு தோட்டத்துக்கு அவரையே கூப்பிட வேண்டியிருக்கும்.