ஐப்பசி மாலைக்குக் கொஞ்சம் சோக ராகம்

ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம், தேவிபட்டினம் ஊர்கள் பக்கம் ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பியதும் கடலின் நிறமே மாறிவிடும். அந்த மாலைகளில் கேட்க முகாரி, சுபபந்துவராளி, சிவரஞ்சனி ஆகிய மூன்று ராகங்களைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்தால் கரண்டும் போகும், சிக்னலும் போகும். அதனால் முன்கூட்டியே இறக்குவது முக்கியம்.

பாட்டு வேண்டாம், சொல் இல்லாமல் ராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனை போதும். வார்த்தை இல்லாதபோது நம் துக்கம் தானாக வந்து உட்கார இடம் கிடைக்கிறது. தகரக் கூரையில் மழை விழும்போது வீணையின் நுணுக்கம் கேட்காது. வயலினோ புல்லாங்குழலோ எடுங்கள், நாதஸ்வரம் என்றால் இன்னும் நல்லது. முதலில் சுபபந்துவராளி, அது மனதை நேராகப் பிடிக்கும்.

நேரம் பொழுது சாயும் வேளை. சங்க இலக்கியத்தில் கடற்கரை நிலமான நெய்தலுக்குப் பொழுது சாயும் எற்பாட்டையும், பிரிவில் வருந்தும் இரங்கலையும் சேர்த்து வைத்தார்களே, அது எவ்வளவு சரி என்று கரையில் உட்கார்ந்தால் தெரியும்.

அப்புறம், உப்புக்காற்றில் ஸ்பீக்கர் சீக்கிரம் துருப்பிடிக்கும். கேட்டு முடித்ததும் துடைத்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.