கல்லீரல் கட்டிக்கு மூன்று கட்ட கான்ட்ராஸ்ட் சி.டி. எடுப்பது எப்படி

கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் நாளம்) வழியாகவே போகிறது. கல்லீரல் செல் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தை நம்பியிருக்கும். அதனால் கான்ட்ராஸ்ட் மருந்து (படத்தில் நாளங்களை வெளுத்துக் காட்டும் மருந்து) தமனிகளில் நிறையும் தமனி கட்டத்தில் கட்டி பளிச்சென்று தெரியும். பிறகு சுற்றியுள்ள திசுவைவிட மங்கிப்போகும். இதுதான் வாஷ்அவுட்.

ஒவ்வாமை வரலாறு, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) இரண்டையும் முதலில் பாருங்கள். முழங்கை மடிப்புச் சிரையில் 18 அல்லது 20 கேஜ் கேனுலா போடுங்கள். புறங்கையில் மெல்லிய ஊசி போட்டால் வேகம் தாங்காமல் மருந்து வெளியே கசிந்து வீங்கலாம். மில்லிக்கு 300–350 மி.கி. அயோடின் உள்ள மருந்து, எடையில் கிலோவுக்கு 1.5–2 மி.லி., நொடிக்கு 4 மி.லி. வேகம், பின்னாலேயே சலைன்.

தமனி கட்டத்துக்கு 35 நொடி என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணாதீர்கள். இதயம் பலவீனமானவருக்கு மருந்து தாமதமாகத்தான் வந்து சேரும். வயிற்றுப் பெருந்தமனியில் குறியிட்டு, அங்கே 100 ஹவுன்ஸ்ஃபீல்டு (சி.டி.யில் அடர்த்தியின் அலகு) தொட்டதும் 15–20 நொடி கழித்து ஸ்கேன் செய்யுங்கள். ஊசி தொடங்கியதிலிருந்து 60–80 நொடியில் போர்ட்டல் கட்டம், 3–5 நிமிடத்தில் தாமதக் கட்டம். மூச்சு அடக்குவதை முன்பே பழக்கிவிடுங்கள்.

தமனி கட்டப் படத்தில் முதலில் நாளங்களைப் பாருங்கள். போர்ட்டல் சிரை லேசாக வெளுத்திருக்க வேண்டும், கல்லீரல் சிரைகள் இன்னும் கறுப்பாகவே இருக்க வேண்டும். போர்ட்டல் சிரையும் கறுப்பென்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள். சிறு கட்டி தப்பியிருக்கலாம்.

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை) அல்லது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ள பெரியவருக்கு, 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி விளிம்பில் மட்டுமல்லாமல் உள்ளேயும் பளிச்சிட்டு, பின்னர் வாஷ்அவுட்டும் காட்டினால் லை-ராட்ஸ் (கல்லீரல் கட்டிகளைத் தரம்பிரிக்கும் முறை) கணக்கில் எல்.ஆர்.-5, அதாவது கல்லீரல் செல் புற்று உறுதி, பயாப்ஸி பொதுவாகத் தேவைப்படாது. இந்த ஆபத்துகள் இல்லாதவருக்கு அதே படம் போதாது. விளிம்பு மட்டும் வளையமாகப் பளிச்சிட்டால் பித்தநாளப் புற்று, வேறிடத்திலிருந்து பரவிய புற்று இரண்டையும் யோசியுங்கள். தமனி கட்டத்தில் மட்டும் ஆப்பு வடிவில் தெரிந்து மறைவது பெரும்பாலும் வெறும் ரத்த ஓட்ட மாற்றம்.

கேடாக்ஸெட்டேட் (கல்லீரல் செல்கள் உறிஞ்சும் எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்ட் மருந்து) போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தால் வாஷ்அவுட்டை போர்ட்டல் கட்டத்தில் மட்டும் பாருங்கள். அதன்பின் நல்ல கல்லீரல் செல்களே மருந்தை உறிஞ்சி வெளுப்பதால், தீங்கற்ற கட்டிகூட மங்கலாகத் தெரியும். சிறுநீரகம் மோசமென்றால் நுண்குமிழிகளைக் கான்ட்ராஸ்டாகச் செலுத்தி எடுக்கும் அல்ட்ராசவுண்டு கைகொடுக்கும். குமிழியின் வாயு மூச்சோடு வெளியேறிவிடும். அதில் 60 நொடிக்குமுன்பே வாஷ்அவுட் தெரிந்தால் கல்லீரல் செல் புற்று என்று முடிவுகட்டாதீர்கள்.