சீனர் மேசையில் சாப்ஸ்டிக்: பிடியும் மரியாதையும்

சீனக் குச்சி சுமார் 25 செ.மீ. நீளம். பிடிக்கும் பக்கம் பெரும்பாலும் சதுரம், உணவைத் தொடும் பக்கம் உருண்டை. சதுரமாக இருப்பதால் மேசையில் உருளாது, விரலுக்குள்ளும் சுழலாது. ஜப்பானியக் குச்சி இதைவிடக் குட்டை, நுனியும் கூர். பழக மரக்குச்சியோ மூங்கில் குச்சியோதான் நல்லது, பிளாஸ்டிக் வழுக்கும்.

முதல் குச்சியைக் கட்டைவிரல் இடுக்கில் செருகி, மோதிர விரலின் பக்கவாட்டில் தாங்க விடுங்கள். இது அசையவே கூடாது. இரண்டாவதைப் பேனா பிடிப்பதுபோல் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் பிடியுங்கள். மேல்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிப் பிடித்தால் போதும். நடுவிரல் மேலே தள்ளினால் குச்சிகளின் வாய் திறக்கும், சுட்டுவிரல் அழுத்தினால் மூடும். முதலில் மேல்குச்சியை மட்டும் வைத்து ஆட்டிப் பழகுங்கள்.

நுனிகள் பெருக்கல் குறிபோலக் குறுக்கே போகிறதா? மோதிர விரல் தளர்ந்து கீழ்க்குச்சியும் கூடவே நகர்கிறது என்று அர்த்தம். நுனிகள் ஏறி இறங்கியிருந்தாலும் உணவு நிற்காது. வறுத்த நிலக்கடலை நழுவுகிறதென்றால் அநேகமாக அதன் மேல்பாதியைப் பிடித்திருப்பீர்கள். வயிற்றுப் பகுதியில் இருபுறமும் மெதுவாகப் பிடியுங்கள். இறுக்க இறுக்கத் தெறிக்கும்.

சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்க வேண்டாம். கிண்ணத்தை இடது கையில் தூக்கி, கட்டைவிரலை விளிம்பிலும் மற்ற விரல்களை அடியிலும் வைத்து, வாயருகே கொண்டுபோய் உள்ளே தள்ளுங்கள். சீனர் வீட்டில் இதுதான் முறை.

சோற்றில் குச்சியை நட்டு வைக்கவே கூடாது: இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவதுபோல் இருக்கும். பெரியவர்கள் முகம் அந்த நொடியே மாறும். கிண்ணத்தைத் தட்டுவது பிச்சை கேட்பவர் செயல் என்பது அவர்கள் எண்ணம். பொதுத் தட்டில் ‘கோங்குவாய்’ என்ற பொதுக்குச்சி இருந்தால் அதால் எடுங்கள். கிளறித் தேடாமல் உங்கள் பக்கத்தில் இருப்பதையே எடுங்கள்.

பெயரிலும் ஒரு விலக்கு உண்டு. பழைய சொல்லான ‘ஜு’, ‘நின்றுபோதல்’ என்ற சொல்போல் ஒலித்ததால் படகோட்டிகள் அதைத் தவிர்த்து, ‘வேகம்’ என்று ஒலிக்கும் ‘குவாய்’க்கு மாறினார்கள் என்பார்கள். அதிலிருந்துதான் குச்சியின் இன்றைய பெயரான ‘குவாய்ட்ஸு’. ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி பேசுவோர் பழைய சொல்லையே ‘தீ’ அல்லது ‘தூ’ என்று இன்றும் சொல்கிறார்கள்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனப் புத்தாண்டுக்கு ‘லோ ஹெய்’க்கு, அதாவது ‘யூஷெங்’ என்ற பச்சை மீன் சாலட்டை எல்லோரும் சேர்ந்து குச்சியால் தூக்கிக் கலக்கும் சடங்குக்கு, அழைத்தால், குச்சியை இன்னும் சற்று மேலே பிடியுங்கள்; அடுத்தவர் குச்சி கையில் இடிக்காது. யூஷெங்கை அடியிலிருந்து கொஞ்சமாக அள்ளி உயரத் தூக்கி, தட்டிலேயே விழும்படி விடுங்கள்.