அம்மா அப்பாவுக்கு போன் செட் பண்ணித் தர்றீங்களா? இதெல்லாம் பண்ணாதீங்க

கும்பகோணம் பக்கம் சின்னதா மொபைல் கடை வெச்சிருக்கேன். பொங்கல் லீவு முடிஞ்சு பிள்ளைங்க பஸ் ஏறுன மறுநாள்ல இருந்து எனக்கு சீசன்தான், புது போனை மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு வந்து "தம்பி, இதுல என்னமோ ஆயிடுச்சு பாரு"ன்னு நிப்பாங்க. பொறுமையா சொல்லிக்குடுங்கன்னு நான் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

பேங்க்ல உங்க நம்பரைக் குடுக்குறது

இதைப் பாத்தா இன்னிக்கும் எனக்கு பத்திக்கிட்டு வரும். "அம்மாவுக்கு ஓடிபி எல்லாம் பாக்கத் தெரியாது, என் நம்பரே இருக்கட்டும்"னு பேங்க், ஆதார், கேஸ் புக்கிங் வரைக்கும் மகன் நம்பர். அப்புறம் ஜிபே போட்டுக் குடுன்னு அந்தம்மா எங்கிட்ட வருவாங்க. யுபிஐ ஆப் முதல்ல அந்த போன்ல இருக்குற சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி பேங்க்ல இருக்குறதும் இதே நம்பர்தானான்னு செக் பண்ணும். சிம் பெங்களூர்ல இருந்தா நான் இங்க என்னத்த போட்டுக் குடுக்குறது?

அதுகூட பரவால்ல. ரிடையர்டு டீச்சரம்மா ஒருத்தங்க ஒவ்வொரு தடவையும் எங்க கவுண்டர்ல நின்னுக்கிட்டே மகனுக்கு போன் போடுவாங்க, அவரு மீட்டிங்ல கட் பண்ணுவாரு, திருப்பிக் கூப்பிட்டு ஓடிபியைப் படிக்கிறதுக்குள்ள டைம் முடிஞ்சிருக்கும், மறுபடி முதல்ல இருந்து. இப்படியே பண்ணிப் பண்ணி ஓடிபின்னா போன்ல சொல்ற நம்பர்னு அவங்க மனசுல பதிஞ்சே போச்சு. ஒரு வழியா அவங்க நம்பருக்கே மாத்துனாங்க. பேங்க்ல இருந்து பேசுறேன்னு ஒருத்தன் கூப்பிட்டுக் கேட்டான், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு தெளிவா படிச்சுக் காட்டிட்டாங்க. உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போட்டதால கொஞ்சம் பணத்தை நிறுத்தி வெக்க முடிஞ்சுது. மகன் ஸ்பீக்கர்ல கத்துறாரு, "ஓடிபியை யாராவது சொல்லுவாங்களாம்மா?" பழக்கி விட்டதே நீதானேப்பான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அந்தம்மா முகத்தைப் பாத்துட்டு விட்டுட்டேன்.

அதனால ஊருக்கு வந்ததும் முதல் வேலையா பிராஞ்சுக்கு கூட்டிட்டுப் போய் அவங்க நம்பரைக் குடுங்க. அந்த சிம்முக்கு ரீசார்ஜ் பண்றதையும் மறந்துடாதீங்க. பின் போட பயந்தா யுபிஐ லைட் இருக்கு, 5,000 வரைக்கும் போட்டு வெக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரைக்கும் பின் இல்லாமலே போகும். பணம் வர்றதுக்கு பின் தேவையே இல்ல, கேட்டா கட் பண்ணுங்கன்னு அவங்களுக்கு சொல்லி வைங்க.

எழுத்தை ஃபுல்லா பெருசாக்குறது

சில ஆப்ல கீழ இருக்குற பட்டனே ஸ்கிரீனை விட்டு வெளிய போயிடும். ரெண்டு பாயிண்ட் கம்மியா வெச்சுட்டு எல்லா ஆப்பையும் ஒரு தடவை திறந்து பாருங்க.

"எதையோ அழுத்திட்டே"ன்னு திட்டுறது

அவங்க விரல் ஸ்கிரீன்ல கொஞ்ச நேரம் நிக்கும். போன் அதை லாங் பிரஸ்னு நினைச்சுக்கும், ஐகான் நகரும், சில சமயம் காணாமலே போகும். ஆண்ட்ராய்டுல அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸ்ல டச் அண்ட் ஹோல்ட் டிலேன்னு ஒண்ணு இருக்கு, அதை லாங்னு வைங்க.

உங்க பழைய போனைத் தள்ளி விடுறது

வேணாம்.

ஜிமெயில்

அவசரத்துக்கு ஏதோ ஒரு ஐடி ஓபன் பண்ணிட்டு பாஸ்வேர்டு நமக்கே தெரியாம போயிடுறது. போன் லாக் ஆகி ரீசெட் பண்ணோம்னா பழைய லாக்கோ அந்த ஜிமெயிலோ இல்லாம உள்ளயே விடாது. ஒரு நோட்டுல எழுதி பாஸ்புக்கோட பீரோல வைங்க, போன் கவருக்குள்ள சொருகாதீங்க.