புராண ஓவியத்தில் குலைந்த உடலைப் படிப்பது எப்படி?

பாலக்காட்டு எல்லையில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இதற்கான பயிற்சி ஓரளவு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. பகவதி கோயிலின் கூத்துமாடத்தில், அதாவது பாவைக்கூத்துக்கான மேடையில், தேங்காய் மூடிகளில் எரியும் 21 விளக்குகளுக்கு முன்னால், கம்பன் பாடல்களோடு தோற்பாவைகள் அசையும்போது, இராவணனின் தலைகள் எல்லாம் தட்டையான ஒரே தோலில் அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டு எவரும் திகைப்பதில்லை. ஏனெனில் அது கதை கொடுத்த உடல். நவீன ஓவியத்தின் முன் நிற்கும்போதும் முதலில் கதை கொடுத்த விகாரத்தையும் ஓவியர் தாமாகச் சேர்த்த விகாரத்தையும் பிரித்துக்கொள்ள வேண்டும். பொருள் தேட வேண்டியது இரண்டாவதில்தான்.

மகிஷாசுரன் கதையையே எடுத்துக்கொள்வோம். மாமல்லபுரக் குகைச் சிற்பத்தில் அசுரனுக்கு மனித உடலும் எருமைத் தலையும் இருக்கின்றன, அது மரபு. சிங்கத்தின் மேல் வரும் தேவிக்கும், கதாயுதத்தைப் பிடித்தபடி பின்வாங்கும் அவனுக்கும் நடுவே தெளிவான இடைவெளியும் இருக்கிறது. 1990களில் நவீன இந்திய ஓவியர் தையப் மேத்தா தீட்டிய மகிஷாசுரன் ஓவியங்களிலோ தட்டையான வண்ணப் பரப்பில் இரண்டு உடல்களும் பின்னிக் கிடக்கின்றன. எந்த உறுப்பு யாருடையது என்று கண் தடுமாறுகிறது. ஓவியர் சேர்த்தது இந்தத் தடுமாற்றம். கொல்பவளும் கொல்லப்படுபவனும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகும் கணத்தை அவர் பிடித்திருக்கிறார் என்றே நான் படிக்கிறேன். வெறும் வெற்றிச் சித்திரமாக அதைப் பார்ப்பது ஓவியத்தைக் குறைத்துப் பார்ப்பதாகும்.

அடுத்து அளந்து பாருங்கள். சிற்ப மரபில் முகத்தின் நீளம் ஒரு தாலம், அதாவது 12 அங்குலம் (இது இன்றைய அங்குலம் அல்ல, உருவத்தின் அளவுக்கேற்ப மாறும் சிற்ப அளவு). நவதால உருவத்தின் உயரம் அதைப் போல ஒன்பது மடங்கு. கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, முகத்தின் நீளத்தைக் குறித்துக்கொண்டு, அதே அளவால் உடலை மேலிருந்து கீழாக எண்ணிப் பாருங்கள். எல்லா உறுப்புகளும் ஒரே விகிதத்தில் நீண்டிருந்தால் அது பெரும்பாலும் ஓவியரின் பாணி; அதற்குத் தனிப்பொருள் கற்பிக்க வேண்டாம். ஒரு கை மட்டுமோ ஒரு கழுத்து மட்டுமோ அளவு மீறியிருந்தால், கதையில் அந்த உறுப்பு என்ன செய்கிறது என்று கேளுங்கள். பிறகு தலையை உள்ளங்கையால் மறைத்துவிட்டு, உடலின் பாரம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். முகபாவம் மறைந்த பின்னும் அச்சமோ சினமோ தெரிந்தால் அது உருவத்தின் வளைவிலிருந்தே வருகிறது.

அதே ஓவியரின் புராணம் சாராத படங்களையும் அவசியம் பார்க்க வேண்டும். 1947 கலவரத்தில் பம்பாய்த் தெருவில் ஒருவர் கொல்லப்படுவதைக் கண்ட தையப் மேத்தா, பின்னர் விழும் மனிதர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அவற்றைப் பார்த்த பிறகு அவருடைய அசுரனின் உடலில் புராணத்தை மட்டும் காண முடியாது.

கண்டதையெல்லாம் எழுதிக்கொண்டு ஓவியத்தின் முன் மீண்டும் நில்லுங்கள். எழுதிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓவியத்தில் ஒரு கோட்டையோ வண்ணத்தையோ சுட்டிக்காட்டிப் பாருங்கள். சுட்ட முடியாத வாக்கியங்களை அடித்துவிடுங்கள்.