பயிற்சி ஆசிரியர் இணைய வகுப்பறையைப் பழகும் முறை

சென்னையில் பி.எட். பயின்றபடியே பள்ளியில் கற்பித்தல் பயிற்சி பெறுபவர், 2014இல் அறிமுகமான கூகுள் கிளாஸ்ரூம் என்ற இணைய வகுப்பறையில் முதலில் ஒரு சோதனை வகுப்பை உருவாக்க வேண்டும். தம்முடைய வேறொரு கணக்கை அதில் மாணவராகச் சேர்த்துக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டால், பிள்ளைகளின் திரையில் என்ன தெரியும் என்பது உடனுக்குடன் விளங்கும். உண்மையான வகுப்பில் மாணவர் எல்லோரும் சேர்ந்தபின், சேர்வதற்கான வகுப்புக் குறியீட்டை முடக்கிவிடுங்கள்.

மிகுந்த கவனம் வேண்டியது பயிற்சித்தாளை இணைக்கும்போதுதான். கூகுள் ஆவணத்தை இணைத்ததும் மூன்று தெரிவுகள் தோன்றும்: மாணவர் பார்க்க மட்டும், எல்லோரும் ஒரே தாளில் எழுத, ஒவ்வொருவருக்கும் தனிப்படி. விடை எழுதும் தாளுக்கு மூன்றாவதை, வெளியிடும் முன்பே, தேர்ந்தெடுக்க வேண்டும். நான் பயிற்சியில் இருந்தபோது இரண்டாவதைத் தேர்ந்துவிட்டேன். ஏழாம் வகுப்புச் சிறுமி பொறுமையாக எழுதிய விடை, இன்னொரு மாணவனின் விரல் பட்டு என் கண்ணெதிரே அழிந்தது. ஆவணத்தின் முந்தைய வடிவங்களைக் காட்டும் பதிப்பு வரலாற்றிலிருந்து அதை மீட்கலாம் என்பது அன்று எனக்குத் தெரியாததால், அவளை மீண்டும் எழுதச் சொன்னேன். அது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட வினாத்தாள் கைப்பேசியில் புரியாத குறிகளாகத் தெரியக்கூடும் என்பதால், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். நேரமில்லையெனில் பிடிஎஃப் ஆக்குங்கள்.

ஒப்படைக்கும் நாளை மட்டும் குறித்தால் நேரம் இரவு 11:59 என்று தானாக அமையும். அப்பா வேலை முடிந்து வந்த பிறகே கைப்பேசி கிடைக்கும் பிள்ளைகளுக்காக, மறுநாள் மாலைவரை அவகாசம் கொடுங்கள்.