ராஸ்பெர்ரி பைக்குக் கர்னல் கட்டுபவர்களுக்கு

இன்டெல் லேப்டாப்பில் உட்கார்ந்து ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினிக்கு 64 பிட் லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கம்பைல் செய்கிறீர்களா? எந்த வகைச் சிப்புக்கு என்று சொல்லும் 'ஆர்க்' (ARCH) மாறியில், பையின் சிப் வகையான ஏஆர்எம்64 என்று முதலிலேயே எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். ஒரு வகைச் சிப்பில் இருந்தபடி வேறு வகைக்குக் கட்டித் தரும் கிராஸ் கம்பைலரின் முன்னொட்டையும் அப்படியே. அப்புறம்தான் பை 4-க்கான இயல்புநிலை அமைப்பான பிசிஎம்2711 டெஃப்கான்ஃபிக்.

ஒருமுறை புது டெர்மினலில் இதை மறந்து, கர்னல் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கைத் திறந்து சேவ் கொடுத்துவிட்டேன். பிழைச்செய்தி ஏதும் இல்லை. அமைப்புகள் பதிவாகும் கான்ஃபிக் கோப்பு சத்தமில்லாமல் லேப்டாப்பின் சிப் வகையான எக்ஸ்86-க்கு மாறியிருந்தது. பார்த்துப் பார்த்து டிக் செய்த பை டிரைவர்கள் எல்லாம் போயே போச்சு!

மெனுவின் உச்சியில் உள்ள தலைப்பு வரியைப் பாருங்கள். 'லினக்ஸ்/ஏஆர்எம்64' என்றிருந்தால் சரி. 'லினக்ஸ்/எக்ஸ்86' என்று தெரிந்தால் எதையும் சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். கான்ஃபிக் கோப்புக்கு வேறு பெயரில் ஒரு நகலும் இருக்கட்டும்.